டூலிட்டில் தாக்குதல் வீரர்களின் ஆண்டுக் கூடுகை

டூலிட்டில் தாக்குதல் வீரர்களின் ஆண்டுக் கூடுகை என்பது, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் மீது ஐக்கிய அமெரிக்கா நடத்திய முதல் வான்தாக்குதலில் பங்கேற்ற 80 வான்படையினரின் நட்பைப் பேணவும், அவர்களுள் மறைந்தோரை நினைவுகூரவும் நடத்தப்பட்டு வந்த நிகழ்வாகும். 1945ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு விருந்தாகத் தொடங்கிய இது, பிற்காலத்தில் வெள்ளிக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைக்கும் சடங்கிற்காகப் பரவலாக அறியப்பட்டது. நவம்பர் 9, 2013 அன்று ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு அருகே நடைபெற்ற இறுதி நிகழ்வுடன் இம்மரபு முடிவுக்கு வந்தது. எண்பதின்மருள் கடைசியாக உயிருடன் இருந்த ரிச்சர்ட் கோல் ஏப்ரல் 9, 2019 அன்று தமது 103ஆம் அகவையில் காலமானார்.

பின்னணி

ஏப்ரல் 18, 1942 அன்று, லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் பி-25 மிட்செல் வகையைச் சேர்ந்த 16 குண்டுவீச்சு வானூர்திகள் ஹார்னெட் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலில் இருந்து புறப்பட்டு டோக்கியோ, யோக்கோகாமா, நகோயா, கோபே உள்ளிட்ட நகரங்களைத் தாக்கின. வானூர்திக்கு ஐவராக மொத்தம் 80 பேர் இதில் பங்கேற்றனர். இவர்கள் அனைவரும் தாமாக முன்வந்தவர்கள். 17ஆம் குண்டுவீச்சுக் குழுவின் 34, 37, 95ஆம் ஸ்குவாட்ரன்களிலிருந்தும், அதனுடன் இணைந்திருந்த 89ஆம் வேவு ஸ்குவாட்ரனிலிருந்தும் தெரிந்தெடுக்கப்பட்ட இவர்கள், புளோரிடாவின் எக்ளின் தளத்தில் குறுகிய ஓடுதளத்திலிருந்து மேலெழும் பயிற்சியைப் பெற்றனர். நிலத்திலிருந்து இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட பி-25 வானூர்தி கப்பல் தளத்திலிருந்து மேலெழ முடியும். ஆனால் மீண்டும் அதில் தரையிறங்க முடியாது. எனவே தாக்குதலை முடித்த பின் சீனாவிற்குப் பறந்து செல்வதே திட்டமாக இருந்தது.

ஜப்பானியக் காவற்படகு ஒன்று கப்பற்படையைக் கண்டுவிட்டமையால், திட்டமிட்டதற்கு ஏறத்தாழ 10 மணிநேரம் முன்னதாகவே வானூர்திகள் புறப்பட நேர்ந்தது. எரிபொருள் போதாமல் போனதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும். ஒரு வானூர்தி சோவியத் ஒன்றியத்தின் விளாடிவொஸ்டொக் அருகே தரையிறங்கியது. அதன் ஐவரும் அங்கே தடுத்து வைக்கப்பட்டு, 1943இல் ஈரான் வழியாகத் தப்பினர். எஞ்சிய 15 வானூர்திகளும் சீனப் பகுதியிலோ அதன் கரையோரக் கடலிலோ வீழ்ந்து அழிந்தன. அப்போது மூவர் இறந்தனர். எண்மர் ஜப்பானியரிடம் சிறைப்பட்டனர். இவர்களுள் டீன் ஹால்மார்க், வில்லியம் ஃபேரோ, ஹெரால்ட் ஸ்பாட்ஸ் ஆகிய மூவருக்கு அக்டோபர் 15, 1942 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ராபர்ட் மீடர் 1943 டிசம்பரில் ஊட்டமின்மையாலும் நோயாலும் சிறையிலேயே இறந்தார். மற்ற நால்வர் 40 மாதச் சிறைவாசத்திற்குப் பின் 1945 ஆகஸ்டில் மீட்கப்பட்டனர். தாக்குதலில் உயிர்தப்பித் திரும்பிய பிறரும் போரிலிருந்து விடுவிக்கப்படவில்லை. வெவ்வேறு போர்முனைகளுக்கு அனுப்பப்பட்ட அவர்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் போர் முடிவதற்குள் இறந்தனர்.

கூடுகையின் தொடக்கம்

ஹார்னெட் கப்பலில் இருந்தபோது, எல்லோரும் பாதுகாப்பாகச் சுங்கிங் நகரை அடைந்தால் மறக்க இயலாத விருந்து ஒன்றை அளிப்பதாக டூலிட்டில் தம் வீரர்களுக்கு வாக்களித்திருந்தார். சுங்கிங்கில் எல்லோரும் ஒன்றுசேரும் நிலை ஏற்படவில்லை. முதலாம் ஆண்டு நிறைவின்போது, 1943 ஏப்ரலில், வட ஆப்பிரிக்காவில் பணியாற்றிக் கொண்டிருந்த சிலர் மட்டும் டூலிட்டிலுடன் கூடினர். போர் முடிந்த பின், 1945 டிசம்பரில், தமது பிறந்த நாளையொட்டி டூலிட்டில் உயிருடன் இருந்த அனைவரையும் புளோரிடாவின் மயாமி நகருக்கு அழைத்து வாக்கை நிறைவேற்றினார். சிறையிலிருந்து மீண்டவர்கள் தம் தோழர்களை மீண்டும் சந்திப்பதற்கான வாய்ப்பாகவும் இது அமைந்தது.

இரண்டாம் கூடுகை 1947இல் அதே மயாமியில் நடைபெற்றது. அதன்பின் ஏப்ரல் 18ஆம் நாளையொட்டி ஏறக்குறைய ஆண்டுதோறும், வெவ்வேறு நகரங்களில் கூடுவது வழக்கமாயிற்று. அழைக்கும் நகரம் விருந்தோம்பலை ஏற்றுக்கொள்ளும். வீரர்கள் பள்ளிகளுக்குச் செல்வர், பொதுமக்களுக்குக் கையொப்பமிடுவர். இவ்வாறு திரட்டப்பட்ட நிதி, வானூர்தியியல் பயிலும் மாணவர்களுக்கான டூலிட்டில் உதவித்தொகைக்குச் சென்றது.

இவர்கள் ஒரே ஸ்குவாட்ரனில் நீண்டகாலம் சேர்ந்து பணியாற்றியவர்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. நான்கு அணிகளிலிருந்து வந்த இவர்கள் ஒன்றாக இருந்தது சில வாரப் பயிற்சியிலும் கப்பற்பயணத்திலும் மட்டுமே. தாக்குதலன்றும் ஒவ்வொரு வானூர்தியும் தனித்தனியாகவே பறந்தது. ஒரு வானூர்தியில் இருந்தோருக்கு மற்றவற்றின் கதி பல நாட்கள் வரை தெரியவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்த இந்தத் தோழமையின் பெரும்பகுதி, போர்க்களத்தைக் காட்டிலும் கூடுகைகளிலேயே உருவானது எனலாம்.

எண்பதின்மர் அல்லாத சிலரும் மதிப்புறு வீரர்களாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். குறுகிய தளத்திலிருந்து மேலெழும் முறையைப் பயிற்றுவித்த கடற்படை வானோடி ஹென்றி மில்லர் அவர்களுள் ஒருவர். மற்றொருவர் லியூ துங்-செங் என்னும் சீனப் பொறியாளர். சீனாவில் வீழ்ந்த இரண்டாம் வானூர்தியின் வீரர்களைத் தற்செயலாகச் சந்தித்த இவர், அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து பாதுகாப்பான இடத்திற்கு அழைத்துச் சென்றார். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, வான்படைக்காகவே பொறியாளராகப் பணியாற்றினார்.

வெள்ளிக் கிண்ணங்கள்

1959ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரம் வீரர்களுக்கு 80 வெள்ளிக் கிண்ணங்களை அன்பளிப்பாக வழங்கியது. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு வீரரின் பெயர் இருமுறை பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு முறை நேராகவும் மறுமுறை தலைகீழாகவும். வீரர் ஒருவர் இறந்தால், அடுத்த கூடுகையில் அவருடைய கிண்ணம் கவிழ்த்து வைக்கப்படும். கவிழ்த்த பின்னும் பெயரை நேராகப் படிக்க இயலும் என்பதே இரட்டைப் பொறிப்பின் பயனாகும். கிண்ணம் வழங்கப்படுவதற்கு முன்பே இறந்தோருக்கும், சிறையில் கொல்லப்பட்டோருக்கும் கூடக் கிண்ணங்கள் செய்யப்பட்டன. அவை ஒருமுறையேனும் பருகப்படாமல், முதலிலிருந்தே கவிழ்ந்த நிலையில் உள்ளவை.

சடங்கு எளிமையானது. பெயர்கள் வாசிக்கப்படும், கடந்த கூடுகைக்குப் பின் இறந்தோரின் கிண்ணங்கள் கவிழ்க்கப்படும், எஞ்சியோர் தத்தம் கிண்ணத்தை உயர்த்தி மறைந்தோர் நினைவாகப் பருகுவர். பொதுவாக இதில் வீரர்கள் மட்டுமே கலந்துகொண்டனர். நகர விருந்துகளும் அணிவகுப்புகளும் பொதுமக்களுக்குத் திறந்திருந்த நிலையில், இந்த ஒரு பகுதி மட்டும் மூடிய கதவுகளுக்குள் நடைபெற்றது.

கிண்ணங்கள் கொலராடோவில் உள்ள ஐக்கிய அமெரிக்க வான்படைக் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்தன. கூடுகை நடக்கும் ஊருக்கு அவற்றை எடுத்துச் செல்வதற்கான பேழையை, டூலிட்டிலின் வானூர்தியில் துணை வானோடியாக இருந்த ரிச்சர்ட் கோல் தாமே செய்தார். 2006இல் கிண்ணங்கள் டேட்டன் அருகே ரைட்-பேட்டர்சன் வான்படைத் தளத்தில் உள்ள தேசிய வான்படை அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டன.

கிண்ணங்களுடன் திறக்கப்படாத கோனியாக் மதுப்புட்டி ஒன்றும் பேணப்பட்டது. டூலிட்டில் பிறந்த ஆண்டான 1896ஐச் சேர்ந்த இந்த ஹென்னசி புட்டி, அவருடைய 60ஆம் பிறந்த நாளுக்குப் பரிசாகக் கிடைத்தது. எண்பதின்மருள் இருவர் மட்டும் எஞ்சும்போது அதைத் திறந்து, மற்ற 78 பேரின் நினைவாகப் பருக வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது.

இவ்வழக்கம் முற்றிலும் புதியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட முதலாம் மினசோட்டா படைப்பிரிவின் ஒரு கம்பெனியைச் சேர்ந்தோர், 1885இல் ஸ்டில்வாட்டர் நகரில் 'கடைசி மனிதன் சங்கம்' ஒன்றை அமைத்து, இறுதியாக எஞ்சுபவருக்கென ஒரு மதுப்புட்டியை ஒதுக்கி வைத்திருந்தனர். அங்கே கடைசி மனிதர் தனியாகவே அதைத் திறக்க நேர்ந்தது. டூலிட்டில் வீரர்களின் விதியில் எண் இரண்டாக இருந்தமையால், ஒருவர் கிண்ணத்தை உயர்த்தும்போது எதிரே இன்னொருவர் இருப்பார்.

சீன மக்களின் இழப்பு

வீழ்ந்த வீரர்களுள் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர்கள் செஜியாங், ஜியாங்ஷி மாகாணங்களின் சிற்றூர் மக்களே. இதற்குப் பழிவாங்கவும் அப்பகுதியின் வானூர்தித் தளங்களை அழிக்கவும் ஜப்பானியப் படை 1942 மே முதல் செப்டம்பர் வரை பெரும் படையெடுப்பை நடத்தியது. உதவிய ஊர்கள் எரிக்கப்பட்டன. நோய்க்கிருமிகளும் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்டன. இறந்த சீனரின் எண்ணிக்கை இரண்டரை இலட்சம் வரை இருக்கலாம் எனப் பரவலாக மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு கூறுகிறது. தாக்குதலில் பங்கேற்ற வீரர்களின் இழப்புடன் ஒப்பிடவே இயலாத இழப்பு இது.

எண்பது கிண்ணங்களைக் கொண்ட சடங்கில் இம்மக்களுக்கென இடம் ஏதும் இல்லை. அது படையினர் தமக்குள் அமைத்துக்கொண்ட மரபு. எனினும் வீரர்கள் இக்கடனை மறந்துவிடவில்லை. 50ஆம் ஆண்டு நிறைவான 1992இல், தங்களுக்கு உதவிய சீனர் சிலரைத் தேடிக் கண்டு, மினசோட்டா மாநிலத்தின் ரெட் விங் நகருக்கு வரவழைத்துச் சந்தித்தனர். சீனாவின் சூசோ நகரில் 2018இல் இம்மீட்பு நிகழ்வுகளுக்கான நினைவகம் திறக்கப்பட்டது.

எதிர்நாட்டுடனான உறவைப் பொறுத்தவரை ஜேக்கப் டிஷேசரின் வாழ்வு தனித்துக் குறிப்பிடத்தக்கது. சிறைப்பட்டு உயிர்மீண்ட நால்வருள் ஒருவரான இவர், 1948இல் கிறித்தவச் சமயப் பணியாளராக ஜப்பானுக்கே திரும்பினார். தாம் குண்டுவீசிய நகோயா நகரிலேயே 1959இல் ஒரு தேவாலயத்தை நிறுவினார். இவர் 2008இல் காலமானார்.

இறுதி நிகழ்வு

டூலிட்டில் செப்டம்பர் 27, 1993 அன்று இறந்த பின்னரும் கூடுகை தொடர்ந்தது. 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2012 ஏப்ரலில் டேட்டனில் நடந்த கூடுகைக்கு, பறக்கும் நிலையில் இருந்த 20 பி-25 வானூர்திகள் வந்து சேர்ந்தன. 2013 பிப்ரவரியில் தாமஸ் கிரிஃபின் இறந்த பின் நால்வர் எஞ்சினர்: ரிச்சர்ட் கோல், ராபர்ட் ஹைட், எட்வர்ட் செய்லர், டேவிட் தாட்சர். அனைவரும் 90 அகவையைக் கடந்தவர்கள். அவ்வாண்டு ஏப்ரலில், தாம் பயிற்சி பெற்ற எக்ளின் தளத்திற்கு அருகிலுள்ள ஃபோர்ட் வால்டன் பீச் நகரில் கடைசிப் பொதுக் கூடுகை நடைபெற்றது. இருவர் எஞ்சும்வரை காத்திருந்தால் அவ்விருவரும் பயணம் செய்யும் நிலையில் இருப்பார்களா என்பது உறுதியில்லை. எனவே பழைய விதியைக் கைவிட்டு, நால்வர் இருக்கும்போதே புட்டியைத் திறப்பது என முடிவாயிற்று.

நவம்பர் 9, 2013 அன்று அருங்காட்சியகத்தில் இந்நிகழ்வு குடும்பத்தினர், அழைக்கப்பட்ட விருந்தினர் முன்னிலையில் நடைபெற்றது. பி-25 வானூர்திகள் மேலே பறந்து சென்றன. கோல், செய்லர், தாட்சர் ஆகிய மூவர் கலந்துகொண்டனர். சிறைவாசத்திலிருந்து மீண்ட ஹைட் உடல்நலக் குறைவால் வர இயலவில்லை. அவர் சில நாட்களுக்கு முன்னரே தமது ஊரில் தனியாகக் கிண்ணத்தை உயர்த்தினார். வரலாற்றாசிரியர் ஒருவர் எண்பது பெயர்களையும் வரிசையாக வாசித்தார். தத்தம் பெயர் வந்தபோது மூவரும் 'இருக்கிறேன்' என்று பதிலளித்தனர். மற்ற பெயர்களுக்குப் பதில் இல்லை. வெண்ணிறக் கையுறை அணிந்த பயிற்சி அலுவலர்கள் கிண்ணங்களைக் கொண்டுவந்து கொடுத்தனர். கோல் புட்டியைத் திறந்து, தாக்குதலில் இழந்தோரையும் அதன்பின் மறைந்தோரையும் நினைவுகூர்ந்து சுருக்கமாகப் பேச, மூவரும் பருகினர்.

அதன் பின்னர்

2014 மே மாதம் எண்பதின்மருக்கும் ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்குவதற்கான சட்டம் கையொப்பமானது. 2015 ஏப்ரலில் பதக்கம் வழங்கப்பட்டபோது செய்லரும் ஹைட்டும் உயிருடன் இல்லை. அவர்கள் முறையே அவ்வாண்டு ஜனவரியிலும் மார்ச்சிலும் இறந்திருந்தனர். கோலும் தாட்சரும் பதக்கத்தை ஏப்ரல் 18 அன்று அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தனர். பழைய விதியின்படி புட்டி திறக்கப்பட்டிருக்க வேண்டிய நிலை அப்போதுதான் வந்தது.

தாட்சர் ஜூன் 22, 2016 அன்று காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில், அமெரிக்க வான்படையின் புதிய குண்டுவீச்சு வானூர்தியான பி-21க்கு இவ்வீரர்களின் நினைவாக 'ரெய்டர்' என்ற பெயர் சூட்டப்பட்டதைக் கோல் அறிவித்தார். வீரர்களின் பிள்ளைகள் தனியே ஓர் அமைப்பை ஏற்படுத்தி, ஆண்டு நினைவு நிகழ்வுகளைத் தொடர்ந்தனர். எண்பது கிண்ணங்களும் டேட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன.