முழங்காலுக்குப் பின்னால் ஒரு அவரை விதை

மனித உடலில் 206 எலும்புகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இந்தக் கணக்கில் சேராத ஒரு எலும்பு சிலருக்கு முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறது. பெயர் ஃபாபெல்லா. லத்தீனில் 'குட்டி அவரை விதை' என்று அர்த்தம்.

தொடை எலும்பின் வெளிப்பக்க முனைக்குப் பின்னால், கெண்டைக்கால் தசையின் நாணுக்குள் இது புதைந்திருக்கும். முழங்கால் சில்லும் இப்படித் தசைநாணுக்குள் உருவாகும் எலும்புதான். ஆனால் சில்லு எல்லோருக்கும் உண்டு, ஃபாபெல்லா அப்படியில்லை. நாய், பூனைகளுக்கு இது சாதாரணம். பல குரங்கினங்களுக்கும் உண்டு.

ஆரம்பத்தில் இறந்த உடல்களை அறுத்துப் பார்த்துத்தான் இதைக் கண்டறிந்தார்கள். 1895ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு, உயிரோடு இருப்பவர்களின் காலிலும் பார்க்க முடிந்தது. 1921ல் புள்ளியியல் மேதை கார்ல் பியர்சன், அடிலெய்ட் டேவினோடு சேர்ந்து 'பயோமெட்ரிகா' இதழில் முழங்காலின் இத்தகைய எலும்புகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

சரி, இதனால் என்ன தொல்லை? சிலருக்கு இந்த எலும்பு தொடை எலும்போடு உரசும். காலை முழுசாக நீட்டும்போது முழங்காலின் பின்பக்கம், வெளிப்புறமாக வலிக்கும். அந்த இடத்தை அழுத்தினால் வலி கூடும். பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தினால் பாதம் மரத்துப்போவதும் உண்டு. 1977ல் ஒரு மருத்துவ இதழில் 'ஃபாபெல்லா சிண்ட்ரோம்' என்ற தலைப்பிலேயே கட்டுரை வந்தது. ஓய்வு, பிசியோதெரபி, ஊசி எதற்கும் அடங்காவிட்டால் அந்த எலும்பை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடுவார்கள்.

2019ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு ஆச்சரியத்தை வெளியிட்டார்கள். 27 நாடுகளில் 150 ஆண்டுகளாகச் சேர்ந்த, 21,000க்கும் மேற்பட்ட முழங்கால்களின் விவரங்களை அவர்கள் அலசினார்கள். 1918ல் சுமார் 11 சதவீதம் பேருக்கு இருந்த ஃபாபெல்லா, 2018ல் 39 சதவீதம் பேருக்கு இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. நல்ல சாப்பாடு கிடைத்து உயரமும் எடையும் கூடியதால் முழங்காலில் விழும் அழுத்தம் அதிகரித்தது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இது ஊகம்தான், நிரூபிக்கப்படவில்லை.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் இந்த எலும்பு அதிகமாகக் காணப்படுகிறது. எது காரணம், எது விளைவு என்பது தெளிவாகவில்லை. எக்ஸ்ரேயில் இது தெரிந்தாலே வலிக்கு இதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது, பலருக்கு வலியே இருப்பதில்லை. ஆனால் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தும் வலி போகாதவரின் பேச்சைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. அந்த அவரை விதை இருக்கும் இடத்தை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.