இணையக் கடை அனுப்புகைக் கணக்கில் வீட்டு முகவரியும் வணிக முகவரியும்: சித்தூர், திருப்பதி

வீட்டு முகவரி, வணிக முகவரி என்பது, பார்சல் போய்ச் சேரும் இடம் குடியிருப்பா, கடை அல்லது அலுவலகமா என்று பார்த்து, கூரியர் கட்டணத்தையும் சேரும் நாளையும் முன்கூட்டிக் கணிக்க உதவும் பாகுபாடு. அமெரிக்காவில் இது நேரடியான பணக் கணக்கு. யூபிஎஸ், ஃபெடெக்ஸ் ஆகிய இரண்டு கூரியர் நிறுவனங்களும் வீட்டுக்குப் போகும் பார்சலுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. அலுவலகத்தில் வண்டியை ஒருமுறை நிறுத்திப் பல பார்சல்களை இறக்கலாம், கையெழுத்துப் போட ஆளும் இருப்பார். வீடுகளோ தள்ளித் தள்ளி இருக்கும், கதவு பூட்டியும் இருக்கலாம். முகவரியின் வகை தெரியாதபோது வீடு என்றே வைத்துக் கணக்கிடுவது கடைக்காரருக்குப் பாதுகாப்பு. குறைத்துச் சொல்லிவிட்டால் மிச்சப் பணம் அவர் கையிலிருந்துதான் போகும்.

இந்தியக் கூரியர் விலைப்பட்டியல்களில் இந்தப் பாகுபாடு பொதுவாகக் கிடையாது. எடை, பின்கோடு, மண்டலம், பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கிவரும் கூலி ஆகியவையே விலையைத் தீர்மானிக்கின்றன. 1986இல் தொடங்கிய ஸ்பீடு போஸ்ட்டும் எடையையும் தூரத்தையும் வைத்தே கட்டணம் போடுகிறது. அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் முகவரி வாங்கும்போது வீடா, அலுவலகமா என்று கேட்பது நேரத்துக்காக: வீட்டுக்கு நாள் முழுவதும் வரலாம், அலுவலகத்துக்கு வேலை நேரத்தில்தான் வரவேண்டும். வெளிநாட்டு மென்பொருளை அப்படியே நிறுவி, வீட்டுக்குத் தனிக் கட்டணம் காட்டும் கடைக்காரர், யாரும் கேட்காத பணத்தை வாங்குபவரிடம் கேட்கிறார்.

வணிக முகவரி என்பதற்கு இங்கே பணத்தில் பொருள் வருவது ஜிஎஸ்டியில். வாங்குபவர் பதிவு பெற்ற வணிகராக இருந்தால், அவருடைய ஜிஎஸ்டி எண் பில்லில் ஏறினால்தான் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியும். அதற்கும் கூரியர் கட்டணக் கணிப்புக்கும் தொடர்பில்லை.

பாகுபாடு தேவைப்பட்டாலும் அதைச் செய்வது சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஊர்களில் எளிதல்ல. திருப்பதி காந்தி ரோட்டிலும் சித்தூர் பஜார் தெருவிலும் கீழே கடை, மேலே வீடு என்பது சாதாரணம். நகரி, புத்தூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் இடமும் குடும்பம் இருக்கும் இடமும் ஒரே கூரைக்கடியில் இருப்பதுண்டு. வார்டு, பிளாக், வீடு என்று கோடு போட்டுப் பிரித்து எழுதும் ஆந்திர டோர் நம்பரும் இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது மின்சாரக் கணக்கு. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திர தெற்கு மின் விநியோக நிறுவனம் வீட்டு இணைப்பை முதல் வகையிலும் வணிக இணைப்பை இரண்டாம் வகையிலும் வைக்கிறது. நகராட்சிச் சொத்துவரியும் குடியிருப்புக்கு ஒரு விகிதம், மற்றதற்கு வேறு விகிதம் என்றே போடப்படுகிறது. இந்த விவரம் எதுவும் இணையக் கடையின் கைக்கு வருவதில்லை. நிறுவனப் பெயருக்கான கட்டம் நிரம்பியிருந்தால் வணிகம் என்று கொள்ளும் மென்பொருள் ஊகத்தில்தான் ஓடுகிறது.

கணிப்பை உண்மையில் புரட்டிப்போடுவது மாநில எல்லை. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. 5இல் தொடங்குவது ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். 6இல் தொடங்குவது தமிழ்நாடு, கேரளம். 1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி ஆந்திரத்திலேயே தங்கியது. இன்று நகரி 517590, திருத்தணி 631209. மண்டலத்தை மாநிலத்தை வைத்துப் பிரிக்கும் கூரியருக்குப் பக்கத்து ஊரான திருத்தணி வெளிமாநிலம், கோடியில் இருக்கும் ஸ்ரீகாகுளம் உள்மாநிலம். சித்தூருக்கும் வேலூருக்கும் இடையிலும் இதே கதை. நகரிக் கடைக்காரருக்குத் தூரத்தைப் பார்க்கும் கூரியர் எது, மாநிலத்தைப் பார்க்கும் கூரியர் எது என்று தெரிந்திருப்பதே, வீடா கடையா என்ற கேள்வியைவிட லாபம் தரும்.

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது இன்னொரு சிக்கல் சேர்ந்தது. சித்தூர் 517001, திருப்பதி 517501: இரண்டு மாவட்டம், முதல் மூன்று இலக்கம் ஒன்றே. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து அப்போது திருப்பதியோடு சேர்ந்த சூளூர்ப்பேட்டையின் எண்ணோ 524இல் தொடங்குகிறது. பின்கோட்டை வைத்து மாவட்டப் பெயரைத் தானாக நிரப்பும் பழைய பட்டியல் தவறான பெயரை அச்சடிக்கும். கட்டணம் மாறாது, ஆனால் லேபிளைப் படிப்பவர் குழம்புவார்.

திருமலை (517504) தனி வகை. மலைக்குப் போகும் வண்டிகள் அடிவாரத்திலுள்ள அலிபிரியில் சோதனைக்கு நிற்கவேண்டும். மது, இறைச்சி, புகையிலை மேலே போகக்கூடாது. ஆகவே அங்கே முகவரியின் வகையைவிடப் பெட்டிக்குள் இருப்பதுதான் முக்கியம்.

எடைக் கணக்கில் பெட்டியின் அளவும் சேரும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 30, 25, 20 அளவுள்ள பெட்டியில் காளஹஸ்திக் கலம்காரித் துணி ஒன்றரைக் கிலோ இருந்தாலும் 3 கிலோவுக்கே கட்டணம்.

2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவற்றோடு சேர்ந்து உருவாக்கிய இது, நாட்டை ஏறத்தாழ 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருகிறது. சந்து பொந்துகளில் வாசலைத் தேடி அலையும் வேலை இதனால் குறையலாம். மாடி எண் அதில் இல்லை என்பதால், கீழே இருக்கும் கடைக்கும் நேர் மேலே இருக்கும் வீட்டுக்கும் குறியீடு ஒன்றே.