மார்பக மீளாக்கத்துக்கு உரிய காலம்

1. வரையறை

புற்றுநோய்க்காக அகற்றிய மார்பகத்தின் வடிவத்தை, நோயாளியின் தோல், கொழுப்பு, தசை கொண்டோ சிலிக்கோன் பை கொண்டோ மீண்டும் அமைப்பதை மார்பக மீளாக்கம் என்கிறோம். அது வடிவத்தை மட்டுமே தரும். பால்சுரப்பைத் தராது, உணர்ச்சியையும் முழுமையாக மீட்காது. நோயை நீக்குவதில் அவசரம் உண்டு. மீளாக்கத்தில் அது இல்லை. இவ்விரண்டையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம் நேர்கிறது.

2. வகை

மார்பகத்தை அகற்றும் அதே மயக்கத்தில் செய்வது உடனடி மீளாக்கம். சிகிச்சை யாவும் முடிந்தபின் செய்வது பிற்பட்ட மீளாக்கம். தோலைக் காத்து, அடியில் உப்புநீர் ஏற்றிப் பெருக்கும் விரிவுப்பையை வைத்து, திசு ஆய்வின் முடிவு கண்டு மேற்செல்வது இடைநிலை மீளாக்கம். உடனடி முறையில் தோல் மிஞ்சும், வடிவமும் நன்கு அமையும். வெறுமையான மார்போடு வாழும் காலமும் இல்லை.

3. காரணம்

அ) கதிர்வீச்சு. மருத்துவமனை வராந்தாவில் 'கரண்டு வைப்பது' என்று வழங்குவது இதுவே. கட்டி 5 செ.மீ.க்கு மேற்பட்டாலோ, அக்குளில் நான்கு அல்லது மேற்பட்ட நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருந்தாலோ பெரும்பாலும் இது தேவைப்படும். கதிர்பட்ட இடத்தில் நுண்குழாய்கள் அடைபட்டு நார்த்திசு பெருகும். சிலிக்கோன் பையைச் சுற்றிய உறை இறுகும். பொருத்திய சொந்தத் திசுவும் சுருங்கக்கூடும். ஆகவே கதிர்வீச்சு உறுதியெனில் பிற்பட்ட மீளாக்கமே பொதுவாக நலம். அது முடிந்து 6 முதல் 12 மாதம் கழித்துச் செய்வது வழக்கம்.

ஆ) கீமோ. உடனடி மீளாக்கத்தின் புண் ஆறாவிடில் கீமோ தள்ளிப்போகும். சர்க்கரை கட்டுப்படாதவரிடம் இந்த இடர் மிகும்.

இ) உழைப்பு. நூல்கள் இதற்கு ஒரு வரிக்கு மேல் தருவதில்லை; கொள்ளிடத்துக்குத் தெற்கே திருப்பனந்தாள் வயல்களில் இதை அப்படிக் கடந்துபோக முடியாது. முதுகின் அகன்ற தசையை எடுத்தால் தோளின் வலு சற்றுக் குறையும். வயிற்றுத் தசையை எடுத்தால் பல வாரம் பளு தூக்கலாகாது. பிறகும் வயிற்றுச் சுவர் தளரலாம். நாள் முழுதும் குனிந்து நாற்று நடுபவருக்கும், கட்டுத் தூக்கி வரப்பேறுபவருக்கும் இவை சிறு இழப்பல்ல. தசையை விட்டுவைத்து வயிற்றுக் கொழுப்பையும் தோலையும் மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. அதற்கு நுண்ணிய இரத்தக்குழாய்களை இணைக்கும் தேர்ச்சி வேண்டும்.

4. பருவம்

இவ்வயல்களுக்கு நீர் தரும் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அதையொட்டிக் குறுவை நடவு, பின்னர் சம்பா, தாளடி, தையில் அறுவடை, அதன்பின் உளுந்து பறிப்பு. பிற்பட்ட மீளாக்கத்தைச் சித்திரையில் வைத்துக்கொண்டால் கூலி இழப்பு குறையும். ஆனால் கட்டியை அகற்றுவதை நடவுக்காகத் தள்ளிப்போடுவது தகாது. அந்த உரிமை மீளாக்கத்துக்கு மட்டுமே உண்டு. ஆண்டுகள் பல கழித்தும் அதைச் செய்துகொள்ளலாம். வேண்டாம் என்பதும் முழுமையான தீர்மானமே. அதற்கு எவரிடமும் விளக்கம் தர வேண்டியதில்லை.

எனினும், பின்னர் செய்வதற்கான வழி முதல் அறுவையிலேயே திறக்கிறது அல்லது அடைபடுகிறது. அக்குள் நெறிக்கட்டிகளை அகற்றும்போது முதுகுத் தசைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அறுபட்டால், அத்தசையை நம்பியிருக்க இயலாது. அக்குழாயைக் காத்தனரா என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தருமாறு நோயாளி கேட்டுப் பெற வேண்டும்.