டூருக்கு முந்தைய நாளும் ஒரு கல்தூணும்

ஊரிலிருந்து அப்பா அம்மாவோ, மாமனார் மாமியாரோ 'தில்லி - ஆக்ரா - ஜெய்ப்பூர்' குரூப் டூருக்குப் பணம் கட்டிவிட்டு, ஒரு நாள் முன்னதாகவே தில்லியில் வந்து இறங்குவது இங்கிருக்கும் நம் குடும்பங்களில் வாடிக்கைதான். ரயில் தாமதமானால் டூர் பஸ் போய்விடுமே என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் ரயில் ஒழுங்காக வந்துவிட்டால் கையில் ஒரு முழு நாள் மிச்சம். அதை என்ன செய்வது?

செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில்... இதெல்லாம் டூர்காரர்கள் எப்படியும் காட்டிவிடுவார்கள். முதல் நாளே நாம் கூட்டிப் போனால் மறுநாள் கைடு பேசும்போது கொட்டாவிதான் வரும். கரோல்பாக் ஷாப்பிங்கைத் திரும்பி வரும் நாளுக்குத் தள்ளிவிடலாம் (இல்லாவிட்டால் ஸ்வெட்டர் மூட்டையை ஜெய்ப்பூர் வரை சுமக்க வேண்டும்). மலை மந்திர் முருகனைப் பார்க்காமல் விட மாட்டார்கள், அது காலையிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு? என் ஓட்டு ஃபிரோஸ் ஷா கோட்லாவுக்கு. அங்கே டூர் பஸ் நிற்பதைப் பெரும்பாலும் நான் பார்த்ததில்லை.

கோட்லா என்றதும் கிரிக்கெட் மைதானம்தான் ஞாபகம் வரும். 1999-இல் கும்ப்ளே பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் சாய்த்த மைதானம். 2019-இல் அருண் ஜேட்லி பெயரை அதற்கு வைத்தார்கள். அதை ஒட்டியே நிற்கிறது இடிந்த கோட்டை. 1351 முதல் 1388 வரை தில்லியை ஆண்ட ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டியது. (சோவின் நாடகத்தில் வரும் துக்ளக் இவர் இல்லை. அவர் இவருடைய பெரியப்பா மகன்.)

உள்ளே மூன்று அடுக்குக் கட்டடம் ஒன்று. அதன் உச்சியில் 13 மீட்டர் உயரத்தில் ஒரே கல்லால் ஆன தூண். தூண் ஃபிரோஸ் ஷா செய்ததல்ல. அவருக்கு ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அசோகர் நிறுத்தியது. இன்றைய ஹரியானாவில் இருக்கும் தோப்ரா என்ற கிராமத்தில் இருந்தது. சுல்தானுக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

எப்படிக் கொண்டு வந்தார்கள் என்பதை ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவர் பன்னிரண்டு வயதுப் பையன். தூணைச் சுற்றி இலவம் பஞ்சை மெத்தை போலக் குவித்து, அடியில் தோண்டி, மெல்ல அதன்மேல் சாய்த்திருக்கிறார்கள். நாணலும் பச்சைத் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, சக்கரத்துக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு 200 பேர் என்று இழுத்து யமுனைக் கரைக்குக் கொண்டு வந்து, பெரிய படகுகளில் ஏற்றியிருக்கிறார்கள். அவர் கணக்கைப் பெருக்கினால் 8,400 ஆள். கிரேன் இல்லாத காலம்!

தூண் வந்து சேர்ந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டார் சுல்தான். சிலர், 'ஃபிரோஸ் என்ற சுல்தான் வரும்வரை இதை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருக்கிறது' என்று சொன்னார்களாம். பிழைக்கத் தெரிந்தவர்கள். பிறகு வந்த ஐரோப்பியப் பயணி ஒருவர் இதைக் கிரேக்க எழுத்து, அலெக்சாண்டர் நிறுத்திய தூண் என்றே நம்பினார்.

விடை 1837-இல் வந்தது. கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியின் சின்னச் சின்னக் கல்வெட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவதைக் கவனித்தார். அது 'தானம்' என்ற சொல்லாக இருக்கும் என்று பிடித்துக்கொண்டு பிராமி எழுத்துகளை அவிழ்த்தார். அதை வைத்து இந்தத் தில்லித் தூணைப் படித்தார். 'தேவானாம்பிய பியதஸி' என்று ஒரு ராஜா பேசினார்! பியதஸி என்பது அசோகர்தான் என்று இலங்கையின் பாலி நூலை வைத்துச் சொன்னவர் அங்கே பணியில் இருந்த ஜார்ஜ் டர்னர். சாலையோரம் நிழலுக்கு ஆலமரம் வைத்தேன், கிணறு வெட்டினேன், தங்குமிடம் கட்டினேன் என்று வழிப்போக்கர்களுக்குச் செய்ததை அசோகர் சொல்லும் ஏழாவது கட்டளை இந்த ஒரு தூணில்தான் முழுதாக இருக்கிறது.

இதில் நமக்கு என்ன? இருக்கிறது. எழுத்து பிடிபட்டதும் குஜராத்தின் கிர்நார் பாறையையும் படித்தார்கள். அதில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், கூடவே சத்தியபுத்திரர் என்று ஒரு பெயர். அந்த நாலாவது ஆள் யார் என்று நூறு வருஷத்துக்கு மேல் சண்டை. 1981-இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயருக்கு முன்னால் அதே பட்டம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் குலம், அசோகருக்குத் தெரிந்த குலம். கோட்லா தூணின் எழுத்து பிடிபடாமல் இருந்திருந்தால் ஜம்பையையும் நாம் கோழிக்கிறுக்கல் என்று தாண்டிப் போயிருப்போம்.

என் மாமனார் தர்மபுரிக்காரர். இதைச் சொன்னதும் தூணை இன்னொரு முறை சுற்றி வந்தார்.

போகிறவர்களுக்கு: வயலட் லைனில் டெல்லி கேட் மெட்ரோவில் இறங்கினால் பக்கம். வெயில் தாழ்ந்து போங்கள். முட்டிவலிக்காரர்கள் ஏற வேண்டாம், கீழிருந்தே தூண் நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை என்றால் கூட்டம் இருக்கும். கோட்டையில் ஜின்கள் வாழ்வதாக நம்பி, கஷ்டத்தைக் கடிதமாக எழுதி, ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போவார்கள். மாமியாருக்கு அசோகரைவிட அதுதான் பிடித்தது.

மறுநாள் குதுப்மினாரில் கைடு இரும்புத் தூணைக் காட்டியபோது, 'அதில் என்ன எழுதியிருக்கு?' என்று மாமனார் கேட்டாராம். பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்று பதில் வந்ததாம்.