பாடத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? – பல்கலைக்கழகப் பாடத்தேர்வின் வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தந்தையோடு வீட்டிற்கு வந்திருந்தாள். ஆறாம் ஆண்டில் என்னிடம் கணிதம் பயின்றவள். இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயில்கின்றாள். அடுத்த பருவத்திற்கான பாடங்களைப் பதிவு செய்ய இன்னும் பத்து நாள்களே இருந்தன. கட்டாயப் பாடங்கள் போக இரண்டு பாடங்களை அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். நேரியல் இயற்கணிதமும் வகையீட்டுச் சமன்பாடுகளும் அவளுடைய விருப்பம். தந்தைக்கோ அது பிடிக்கவில்லை.

“கஷ்டமான பாடத்த எடுத்து பாயிண்டர் எறங்கிட்டா என்ன பண்றது டீச்சர்? மொத வகுப்புல தேறினா பி.டி.பி.டி.என். கடனக் கட்ட வேணாங்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பா” என்றார்.

அவருடைய அச்சத்தைக் குறைகூற என்னால் இயலவில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். அவருக்குக் கடன் என்பது வெறும் எண் அன்று. அதே வேளையில், தொடக்கப்பள்ளி ஆசிரியையான நான் பல்கலைக்கழகப் பாடத்தைப் பற்றி என்ன அறிவுரை கூறுவது? “ஒரு வாரம் பொறுங்கள் ஐயா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் தேடிப் படித்தவற்றையும் முன்பே அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

தெரிவே இல்லாத காலம்

மாணவன் தனக்கு வேண்டிய பாடத்தைத் தானே தேர்ந்தெடுப்பது மிக அண்மைக்கால வழக்கமாகும். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தருக்கம், சொற்கலை ஆகிய மூன்றும், எண்கணிதம், வடிவியல், வானியல், இசை ஆகிய நான்கும் அடிப்படைக் கலைகளாகக் கருதப்பட்டன. இவற்றில் எது வேண்டும் என்று மாணவனை எவரும் கேட்டதில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் சிறப்புப் பட்டம் என்றாலே அது கணிதத் தேர்வுதான். 1824ஆம் ஆண்டு கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களுக்கெனத் தனித் தேர்வு தொடங்கப்பட்ட பின்னரும், அதனை எழுத விரும்பியவர் பெரும்பாலும் முதலில் கணிதச் சிறப்புத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. இலக்கியத்தில் தோய்ந்த எத்தனையோ இளைஞர்கள் வடிவியல் தேற்றங்களை மனனம் செய்து தவித்தார்கள். இயற்கை அறிவியலுக்கான சிறப்புத் தேர்வு அங்கு முதன்முதலாக நடைபெற்றது 1851ஆம் ஆண்டில்தான்.

கதவு திறந்தது, கூட்டம் எளிய வழியில் சென்றது

1810ஆம் ஆண்டு பெர்லினில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம், மாணவனுக்குக் ‘கற்கும் சுதந்திரம்’ உண்டு என்னும் கொள்கையை வலியுறுத்தியது. எந்தப் பேராசிரியரிடம் எதைக் கேட்பது என்பதை மாணவனே முடிவு செய்யலாம். இக்கருத்தை அமெரிக்காவில் மிக விரிவாக நடைமுறைப்படுத்தியவர் சார்லஸ் வில்லியம் எலியட். வேதியியல் ஆசிரியராக இருந்த இவர், 1869ஆம் ஆண்டு தமது 35ஆம் வயதில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 40 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி போன்ற மிகச் சிலவே கட்டாயமாக எஞ்சியிருந்தன. பாடங்களைத் தனித்தனி அலகுகளாக எண்ணிக் கூட்டும் ‘கிரெடிட்’ முறையும் அமெரிக்காவில் இத்தகைய தெரிவு முறையோடு சேர்ந்தே வளர்ந்தது. இன்று நம் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கும் கிரெடிட் கணக்கின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

ஆனால் இவ்வுரிமை எவ்வாறு பயன்பட்டது? உழைப்பாளியான மாணவர் தம் துறையில் ஆழ்ந்து சென்றனர். மற்றவருள் பலரோ ஆண்டுதோறும் தொடக்கநிலைப் பாடங்களையே பொறுக்கி எடுத்தனர். ஒரு பாடத்தின் மேல் இன்னொரு பாடம் ஏறவில்லை. 1909ஆம் ஆண்டு எலியட்டிற்குப் பின் தலைவரான லோவெல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரவலும் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார். இன்றைய பல்கலைக்கழகங்களின் முதன்மைப் பாடம், விருப்பப் பாடம் என்ற பகுப்பு, இவ்விரு முனைகளுக்கும் இடையே கண்டறியப்பட்ட நடுவழியே ஆகும்.

கும்பகோணத்தில் ஒரு தோல்வி

ஹார்வர்டில் கதவுகள் திறந்திருந்த அதே காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எப்.ஏ. தேர்வு வேறு வகையாக இருந்தது. 1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இளைஞர் இராமானுஜனை நாம் அனைவரும் அறிவோம். கணிதம் மட்டுமின்றி ஆங்கிலம், உடலியங்கியல், கிரேக்க உரோமானிய வரலாறு, சமஸ்கிருதம் ஆகியவற்றையும் அவர் படித்தாக வேண்டும். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிக் கிடந்தவர் பிற பாடங்களில் தோற்றார், உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1906, 1907 ஆகிய ஆண்டுகளில் எப்.ஏ. தேர்வில் தோல்வியே கண்டார்.

1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும் அதன் விளைவும் உலகம் அறிந்தவை. பட்டம் பெறாத அவருக்கு அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. இரண்டு முறை தோற்றவர் என்று பதிந்து வைத்த அதே பல்கலைக்கழகம்தான் இது!

இங்கே நாம் நேர்மையாகச் சிந்திக்க வேண்டும். பிற பாடங்களைப் புறக்கணித்தது இராமானுஜனின் குறையும் ஆகும். எல்லாப் பிள்ளைகளும் இராமானுஜன் அல்லர். “பிடித்ததை மட்டும் படி” என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், ஒரு துறையில் பேராற்றல் உள்ளவனுக்கு அத்துறை வழியாக முன்னேற இடமே தராத கல்விமுறை எத்தனை பேரை இழந்திருக்கும்? ஹார்டியின் கண்ணில் பட்டவர் ஒருவர். எவர் கண்ணிலும் படாமல் போனவர் எத்தனை பேர்?

தந்தை சொன்ன பாடம், மகன் விரும்பிய பாடம்

என் மாணவியின் நிலைக்கு மிக நெருக்கமான வரலாறு மற்றொன்று உண்டு. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தவர்; சென்னையில் வளர்ந்தவர்; சர் சி.வி. இராமனின் அண்ணன் மகன். 1925ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். சிறப்புப் பட்டத்திற்குத் துறையைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது, அவருடைய விருப்பம் கணிதம். தந்தையின் விருப்பமோ இயற்பியல். தந்தை அரசாங்கக் கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர். மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி உயர்பதவி அடைய வேண்டும் என்பது அவருடைய கனவு. அக்காலத்தில் எந்தத் தகப்பனார்தாம் அவ்வாறு எண்ணாமல் இருந்தார்?

சந்திரசேகர் தந்தையின் சொல்லை மீறவில்லை, இயற்பியலில் சேர்ந்தார். ஆனால் கணிதத்தைக் கைவிடவும் இல்லை. கணிதத் துறை வகுப்புகளுக்கும் சென்று அமர்ந்து பாடம் கேட்டார். அங்கே அவர் பெற்றது கற்ற பொருள் ஒன்றே. அவருடைய தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்த அறிவுடைய பெண்மணி. மகன் தன் நாட்டத்தின் வழியே செல்ல வேண்டும் என்று துணைநின்றவர் அவரே.

1928ஆம் ஆண்டு செருமானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய அணு அமைப்பு நூலைத் தாமே ஊன்றிப் படித்திருந்த சந்திரசேகர், அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். அந்நூல் வெளிவந்த பின் இயற்பியலே மாறிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், அப்பொழுது அச்சேறாதிருந்த தம் ஆய்வுக் கட்டுரையின் படியைக் கொடுத்தார். புதிய புள்ளியியல் முறையில் உலோகங்களின் எலக்ட்ரான்களை விளக்கும் கட்டுரை அது. பதினெட்டு வயது மாணவர் ஒருவரால் அதனைத் தாமே படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது என்றால், அதற்குக் கணிதப் பயிற்சியன்றோ காரணம்! 1929ஆம் ஆண்டிலேயே அவருடைய கட்டுரை இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

1930ஆம் ஆண்டு கப்பலில் இங்கிலாந்து சென்றபோது, அந்தப் புள்ளியியலோடு சார்பியல் கொள்கையையும் இணைத்துக் கணக்கிட்டார். வெண்குறுமீன் எனப்படும் விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். இன்று ‘சந்திரசேகர் எல்லை’ எனப்படும் அது, சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983ஆம் ஆண்டு அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தந்தை சொன்ன இயற்பியலும் மகன் விரும்பிய கணிதமும் அக்கணக்கில் ஒன்றுகூடின.

நம் நாட்டில்

நம் வட்டாரத்திற்கு வருவோம். 1928ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வகுப்புகளைத் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரியில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவை கற்பிக்கப்பட்டன. 1949ஆம் ஆண்டு அக்கல்லூரியும் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1959இல் கோலாலம்பூரிலும் அதன் வளாகம் அமைந்தது. 1962ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இரு தனிப் பல்கலைக்கழகங்கள் இயங்கலாயின. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியோடு கல்வி முடிந்துபோன எத்தனையோ பிள்ளைகளுக்கு அக்காலத்தில் பாடத்தேர்வு என்ற சிக்கலே எழவில்லை. தேர்ந்தெடுக்கும் இடத்திற்கே அவர்கள் சென்று சேரவில்லை.

1970ஆம் ஆண்டு முதல், மாணவருள் 60 விழுக்காட்டினர் அறிவியலும் 40 விழுக்காட்டினர் கலையும் பயில வேண்டும் என்பது மலேசிய அரசின் இலக்காக இருந்தது. எனினும் படிவம் நான்கில் எந்தப் பிரிவு என்பதைப் பல பிள்ளைகளுக்குப் பள்ளியே முடிவு செய்தது. 1996ஆம் ஆண்டு எனக்கும் அதுவே நேர்ந்தது. கணிதத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தும், அறிவியல் வகுப்பில் இடமில்லை என்று கலைப்பிரிவில் சேர்த்தார்கள். கூடுதல் கணிதம் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. என் பெற்றோருக்குப் பள்ளிக்குச் சென்று கேட்கத் தெரியவில்லை. எனக்கும் கேட்கலாம் என்று தெரியவில்லை. பின்னர் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றேன். இப்பணியை நான் நேசிக்கின்றேன். ஆனாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டது இன்றும் உறுத்துகின்றது. 2020ஆம் ஆண்டு முதல் அப்பிரிவு முறை கைவிடப்பட்டு, பாடத் தொகுப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறை வந்துள்ளது. ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்பொழுது பதினைந்து வயதிலேயே நம் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

வரலாறு கூறும் பாடம்

ஒரு வாரம் கழித்து அவ்விருவரும் மீண்டும் வந்தார்கள். நான் சொன்னவை இவைதாம்.

முதலாவது, கணிதமும் அறிவியலும் படிக்கட்டு போன்றவை. நேரியல் இயற்கணிதம் தெரியாமல் குவாண்டம் இயற்பியலில் நுழைவது கடினம். வகையீட்டுச் சமன்பாடுகள் இன்றி இயக்கவியலும் மின்காந்தவியலும் நகரா. இன்று எளிமைக்காகத் தாண்டிய படி, நாளைய கட்டாயப் பாடத்தில் அதே பாயிண்டரை இறக்கக்கூடும். சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறையே நடத்தப்படும். தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க நேரும். இதனைத் துறை ஆலோசகரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நலம்.

இரண்டாவது, தந்தையின் கவலையும் ஒரு கணக்கே. இரண்டு கடினமான பாடங்களை ஒரே பருவத்தில் சுமக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, மற்றொன்றை விரிவுரையாளரின் அனுமதியோடு அமர்ந்து கேட்கலாம். சந்திரசேகர் செய்தது அதுதானே!

மூன்றாவதை மாணவியிடம் மட்டும் சொன்னேன்: விரும்பி எடுத்த பாடத்திற்கு விரும்பி உழைக்க வேண்டிய கடமையும் உண்டு. ஹார்வர்டு மாணவர் பலர் மறந்தது அதனைத்தான்.

தந்தை சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளைப் பார்த்து, “ரெண்டுல எது மொதல்ல வேணும் பாப்பா?” என்று கேட்டார். அவள் நேரியல் இயற்கணிதம் என்றாள். அதையே பதிவு செய்தாள். மற்றப் பாடத்தின் விரிவுரையாளருக்கு அனுமதி கேட்டு அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பினாள். பருவ முடிவில் பாயிண்டர் என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அந்தத் தந்தை கேட்ட கேள்வியை 1996இல் எவரேனும் என்னிடம் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! நம் பிள்ளைகளுக்காக நாம் பாடம் தேர்ந்தெடுக்கும் முன், அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்போம். விடையைப் பொறுமையோடு செவிமடுப்போம்.