வெற்றிடத்தையும் கடக்கும் வெப்பம்: அணை போடும் மீக்கடத்திகள்

மீக்கடத்திச் சுற்றுகளால் அமைந்த குவாண்டம் கணினிகள், தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் 0.01 முதல் 0.02 கெல்வின் வரையிலான கடுங்குளிரில் இயங்குகின்றன. அந்தக் குளிரை உண்டாக்கும் சாதனங்களால் அந்நிலையில் வெளியேற்றக்கூடிய வெப்பம் மைக்ரோவாட் கணக்கில்தான் உள்ளது. ஒரு வாட் மின்விளக்கின் ஆற்றலில் அது பல்லாயிரத்தில் ஒரு பங்கு. எனவே, எங்கிருந்தோ கசிந்து வரும் மிகச் சிறிய வெப்பமும் அங்கு சுமையாகிறது. இந்தக் கசிவைத் தடுக்கவும், தேவைப்படும்போது வெப்பத்தைத் திறந்துவிடவும் மீக்கடத்திகளையே பயன்படுத்த முடியுமா என்பது இயற்பியலாளர்கள் ஆராய்ந்துவரும் கேள்வி.

திடப்பொருள் வழியாகவும் காற்றின் வழியாகவும் பரவும் வெப்பத்தை வெற்றிடம் நிறுத்திவிடும், கதிர்வீச்சை நிறுத்தாது. ஜேம்ஸ் டியூவர் 1892-ம் ஆண்டு உருவாக்கிய இரட்டைச் சுவர் வெற்றிடக் குடுவையின் சுவர்களுக்கு வெள்ளிப் பூச்சு இடப்பட்டது இதற்காகவே. வீடுகளில் காபியைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்க், குளிர்ந்த திரவங்களுக்காகப் பிறந்த அந்தக் குடுவையின் வழிவந்ததே.

ஒரு பொருள் கதிர்வீச்சாக எவ்வளவு வெப்பத்தை உமிழ முடியும் என்பதற்கு மேக்ஸ் பிளாங்க் 1900-ம் ஆண்டு கண்ட விதி உச்ச வரம்பு விதிக்கிறது. ஆனால், கதிர்வீச்சின் அலைநீளத்தைவிடப் பெரிய பொருட்களுக்கும் இடைவெளிகளுக்குமே அவ்விதி பொருந்தும். சூடான பரப்பில் மின்னூட்டங்கள் ஓயாமல் அதிர்வதால், வெளியே பயணிக்காமல் பரப்பை ஒட்டியே நின்று மறையும் அலைகளும் தோன்றுகின்றன. மற்றொரு பரப்பு அலைநீளத்தைவிடக் குறைந்த தொலைவுக்கு நெருங்கும்போது, இந்த அலைகள் ஆற்றலை அதற்குக் கைமாற்றிவிடுகின்றன. இதற்கான கோட்பாட்டை போல்டர், வான் ஹோவ் ஆகியோர் 1971-ல் வகுத்தனர். நுண்ணிய கண்ணாடிக் கோளம் ஒன்றைச் சமதளப் பரப்புக்கு 30 நானோமீட்டர் வரை நெருக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள், பிளாங்க் வரம்பைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு வெப்பம் பாய்வதை 2009-ல் அளந்து காட்டினர்.

அறை வெப்பநிலையில் வெப்பக் கதிர்வீச்சின் முதன்மை அலைநீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். 10 கெல்வினில் அது ஏறத்தாழ 290 மைக்ரோமீட்டராக நீள்கிறது. தலைமுடியின் தடிமனைவிட இது சில மடங்கு அதிகம். ஆகவே, கடுங்குளிரில் இந்த விளைவைக் காண நானோமீட்டர் இடைவெளி கட்டாயமில்லை. சில மைக்ரோமீட்டர் இடைவெளியே போதும். ‘நானோ அளவு’ என்ற பெயர் இங்கு ஓரளவு பழக்கத்தால் ஒட்டிக்கொண்டதுதான்.

சாதாரண உலோகம் ஒளியைப் பெருமளவு எதிரொளித்தாலும், பரப்பை ஒட்டிய அலைகள் அதனுள் ஊடுருவி மின்னோட்டங்களைத் தூண்டுகின்றன. மின்தடையால் அவை வெப்பமாகின்றன. மீக்கடத்தியில் நிலைமை வேறு. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் அளித்த விளக்கத்தின்படி, அதில் எலக்ட்ரான்கள் இணைகளாகச் சேர்கின்றன. ஓர் இணையை உடைக்கக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. அதற்குக் குறைந்த ஆற்றலுடைய ஃபோட்டான்களை, போதிய அளவு குளிர்ந்த மீக்கடத்தி ஏறக்குறைய உட்கொள்வதே இல்லை. நியோபியத்தில் இந்த எல்லை சுமார் 0.7 டெராஹெர்ட்ஸ். அந்த உலோகம் மீக்கடத்தியாக மாறும் 9.2 கெல்வின் அளவில் உமிழப்படும் கதிர்வீச்சின் பெரும்பங்கு இதே அதிர்வெண்ணைச் சுற்றியும் அதற்குக் கீழும்தான் அமைகிறது. இந்தப் பொருத்தமே நியோபியத்தை ஆய்வாளர்களின் விருப்பத் தேர்வாக்கியுள்ளது.

செக் குடியரசின் பிர்னோ நகரில், அந்நாட்டு அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிவியல் கருவிகள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இரு நியோபியம் படலங்களை இணையாக நிறுத்தி இதைச் சோதித்தனர். மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்ததும், அண்மைத் தொலைவில் பாயும் வெப்பம் வலுவாகக் குறைவதை 2017-ல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் பதிவு செய்தனர்.

இதன் அடுத்த படியாக வெப்ப டையோடுகள் கருதப்படுகின்றன. ஒரு பக்கம் நியோபியமும் மறுபக்கம் சாதாரண உலோகமும் இருப்பதாகக் கொள்வோம். நியோபியம் 9.2 கெல்வினைத் தாண்டிச் சூடாக இருந்தால், அது சாதாரண உலோகமாகி வெப்பத்தை எளிதில் கடத்திவிடும். வெப்பநிலைகள் இடம் மாறினால் நியோபியம் குளிர்ந்து மீக்கடத்தியாகி வெப்பத்தைத் தடுக்கும். அசையும் பாகம் எதுவுமின்றி ஒருவழிப் பாதை உருவாகிறது. இதே அடிப்படையில் வெப்ப டிரான்சிஸ்டர்களும் இயங்கலாம் எனக் கணக்கீடுகள் காட்டுகின்றன.

இந்தியாவுக்கும் இத்துறை அந்நியமானதன்று. ரூ.6,003.65 கோடி மதிப்பிலான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று ஒப்புதல் அளித்தது. 8 ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட்டுகள் கொண்ட கணினிகளை உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று என்பதும், அதற்கான தளங்களில் மீக்கடத்தித் தொழில்நுட்பமும் இடம்பெற்றுள்ளது என்பதும் குறிப்பிடத்தக்கவை. கியூபிட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட, அவற்றுக்கான கம்பிவடங்களும் அவை வழியே நுழையும் வெப்பமும் கூடும். வழிதவறி வரும் அகச்சிவப்புக் கதிர் எலக்ட்ரான் இணைகளை உடைத்து, கியூபிட்டின் ஆயுளைக் குறைத்துவிடும் என்பது ஏற்கனவே சோதனைகளில் தெளிவாகியுள்ளது.

எனினும், ஆய்வகத் தகடுகளிலிருந்து கணினிக்குள் நுழையும் பாதை எளிதன்று. சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் இரு பரப்புகளைச் சற்றும் சாயாமல் நிறுத்த வேண்டும். குளிரும்போது ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு அளவில் சுருங்கும். இடையில் ஒரு தூசித் துகள் சிக்கினாலும், கதிர்வீச்சுக்கு இட்ட தடையைச் சுற்றிக்கொண்டு வெப்பம் அத்துகளின் வழியே கடந்துவிடும்.