வாகனக் காப்புறுதி: ரசீதில் ஏறும் ‘சேவைக் கட்டணம்’ யாருக்குப் போகிறது?

சுங்கை புரோங், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான் வட்டாரங்களில் காப்புறுதியையும் சாலை வரியையும் கடையில் கொடுத்துப் புதுப்பிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போது பிள்ளைகள் கைப்பேசியிலும் செய்து கொடுக்கிறார்கள். இரண்டிலும் கடைசி வரியில் ஒரு தொகை ஏறுகிறது: சேவைக் கட்டணம், இணையக் கட்டணம், அனுப்பும் செலவு.

2017 ஜூலை 1க்கு முன் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். காருக்கான பிரிமியம் எங்கு வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதலாகக் கேட்டால் உடனே தெரியும். அன்று முதல் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் பழைய கட்டண முறையில் நீடித்தது. விலை ஆளுக்கு ஆள் மாறும்போது, இடையில் நுழையும் பத்து வெள்ளி கண்ணில் படாது.

பாலிசிக் கணக்கில் என்னென்ன இருக்கும்? அடிப்படைப் பிரிமியம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு இழப்பீடு கோராதவருக்கு 55 விழுக்காடு கழிவு, மீதி 450. இதன்மேல் சேவை வரி 8 விழுக்காடு (2024 மார்ச் 1க்கு முன் 6), அதாவது 36 வெள்ளி. முத்திரை வரி 10. மொத்தம் 496 வெள்ளி. கண்ணாடி, வெள்ளம் போன்ற கூடுதல் பாதுகாப்பு கேட்டால் அவையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். இதற்கு மேல் வாங்கும் பணம் காப்புறுதி அல்ல, கொண்டு வந்து தருபவரின் கூலி.

முகவருக்கு உரிய 10 விழுக்காடு கமிஷன் பிரிமியத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாக வாங்கினால் பெரும்பாலும் அந்தத் தொகையே தள்ளுபடியாகக் கிடைக்கும். அப்படியிருக்க, முகவரே தனியாகச் சேவைக் கட்டணம் கேட்டால் காரணம் கேட்பதில் தவறில்லை.

சாலை வரியில் கணக்கு இன்னும் வேடிக்கை. 150 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு வரியே 2 வெள்ளிதான். எடுத்துக் கொடுக்க ஐந்து வெள்ளி என்றால் வரியைவிடக் கூலி அதிகம். தனியார் வாகனங்களில் வில்லையை ஒட்ட வேண்டிய கட்டாயம் 2023 பிப்ரவரி 10 முதல் இல்லை. மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும். எனவே வில்லையை வீட்டுக்கு அனுப்பும் செலவு நீங்களாக விரும்பினால் மட்டும்.

புகார் செய்வதற்கு முன், பணம் வாங்கியது யார் என்று பாருங்கள். காப்புறுதி நிறுவனங்கள் பேங்க் நெகாராவின் கண்காணிப்பில், 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. முதலில் நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் பேங்க் நெகாராவின் பிஎன்எம்லிங்க் சேவையை நாடலாம். எடுத்துக் கொடுக்கும் கடையோ இடைத்தரகு இணையத்தளமோ என்றால் வழி வேறு: பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே 5 வெள்ளி கட்டிப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான். பிரிமியம், சாலை வரி, கூலி மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லி, பணம் கட்டும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.